கப்பலில் ஓர் இடம்

கடல் இல்லாத திருச்சியில், பவளவல்லி ஸ்டோர்ஸ் என்ற கடையின் நான்காவது மாடியில் ஒரு கடல் இருந்தது. சுவர் முழுக்க ஒரே திரை. அதில் நாள் பூராவும் நீலத் தண்ணீர் அசையும். மஞ்சள் மீன்கள் பவளப்பாறை இடுக்கில் நுழைந்து, எதிர்பாராத இடத்தில் வெளியே வரும். அதன் கீழேதான் அந்தக் கடையின் கிரெடிட் கார்டு கவுண்டர். கார்டில் பொருள் வாங்கினால் புள்ளிகள் சேரும். புள்ளிகள் நிறைந்தால் கொச்சியிலிருந்து பவளத் தீவுகளுக்குக் கப்பலில் போய்வரலாம். ஒரே ஒருவர்தான் போகலாம்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் நவமணி, தலையணை உறை வாங்கப் போனவள், அந்தத் திரையின் முன்னால் நின்றுவிட்டாள். சுற்றியிருந்த சத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது. ஒரு மீன் அவளையே பார்ப்பதுபோல் இருந்தது. "கார்டு போட்டுக்கிறீங்களா மேடம்?" என்று கவுண்டர் பெண் கேட்டபோது, தூக்கத்தில் தலையாட்டுவதுபோல் ஆட்டினாள்.

கார்டு வந்தது. ஆனால் தனியாக இருப்பவள் வாங்கும் அரிசிக்கும் சோப்புக்கும் என்ன பெரிய புள்ளி சேர்ந்துவிடும்? கப்பல் வெகுதூரத்திலேயே நின்றது.

பக்கத்து வீட்டு அல்லிக்கு மகள் கல்யாணம் வந்தது. அல்லி வீட்டிலேயே சமைத்து அலுவலகங்களுக்குச் சாப்பாடு அனுப்புகிறவள். சம்பளச் சீட்டு இல்லாததால் அவளுக்குக் கார்டு கிடைக்கவில்லை.

"உன் கார்டுல எடுத்துக்கறேன் நவமணி. மாசாமாசம் கரெக்டாக் குடுத்துடுவேன்" என்றாள்.

நவமணி கொடுத்தாள். பட்டுப்புடவை, கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் பவளவல்லியிலிருந்தே வந்து இறங்கின. கார்டுக்குத் தள்ளுபடி வேறு கிடைத்ததில் அல்லிக்குக் கல்யாணச் சுமை நன்றாகவே குறைந்தது. புள்ளிகள் மளமளவென்று ஏறின. சோதனைக் குழாய்களை அடுக்கும்போதுகூட நவமணியின் காதில் அலை அடித்தது.

ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. தவணை ஒருமுறை தவறினாலும் புள்ளிகள் மொத்தமும் அழிந்துபோகும்.

தவணை நெருங்கிய நேரத்தில் நவமணி டெங்குவில் விழுந்தாள். அல்லியோ பழனியில் சம்பந்தி வீட்டில் இருந்தாள். அந்த மாதப் பணத்தை இன்னும் கொடுத்திருக்கவில்லை. எதிர்வீட்டுச் செசிலி, பள்ளியில் பாட்டு டீச்சர், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனாள். நவமணி காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தாள். "தவணை... கப்பல் போயிடும்..."

கார்டையும் கப்பலையும் பற்றி நவமணி சொல்லக் கேட்டிருந்த செசிலிக்குப் புரிந்தது. அவளிடம் மும்பைப் பயணத்துக்கென்று வைத்திருந்த பணம் இருந்தது. அவளுடைய தம்பி குழந்தைக்கு அங்கே ஞானஸ்நானம். ஞானத்தாயாக நின்று குழந்தையை ஏந்த வேண்டியவள் அவள். அந்தப் பணத்தைக் கடையில் கட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை.

காய்ச்சல் தணிந்து கண் விழித்த நவமணி, "நீ மும்பை போகலையா?" என்று கேட்டாள்.

"டிக்கெட் கிடைக்கலக்கா" என்றாள் செசிலி.

பணம் யாருடையது என்று ரசீதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நவமணியும் அல்லியும் ஒரு ரூபாய் குறையாமல் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்ட செசிலியின் போனில் ஞானஸ்நான வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளை உடுப்பில் குழந்தை, வேறு ஒருத்தியின் கையில். நவமணி அதைப் பார்த்தாள்.

சில மாதங்களில் புள்ளிகள் நிறைந்தன. கார்டுக்காரர் யார் பெயரைச் சொல்கிறாரோ அவருக்கு டிக்கெட் என்று கடையிலிருந்து செய்தி வந்தது. மூவரும் பவளவல்லிக்குப் போனார்கள். படியேறும்போதே பேச்சு தொடங்கிவிட்டது.

"எம் பொண்ணு கல்யாணத்துல சேர்ந்த புள்ளிதானே? நான் வாங்கலேன்னா ஏது கப்பல்? பத்து வருஷமா அடுப்ப விட்டு நகரல. நாந்தான் போகணும்" என்றாள் அல்லி.

"கார்டு என் பேர்ல இருக்கு. நீ கொடுக்காமப் போயிருந்தா என் சம்பளத்துலதானே பிடிச்சிருப்பாங்க? அந்தப் பயத்தோடதானே தூங்கினேன்?" என்றாள் நவமணி. சொல்லிக்கொண்டே இரண்டிரண்டு படியாக ஏறினாள். அவ்வளவு ஆசை அவளுக்கு.

செசிலி கைப்பிடிச் சுவரைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்: "நான் கட்டலேன்னா அன்னிக்கே எல்லாப் புள்ளியும் போயிருக்கும். அதையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்கக்கா."

நான்காவது மாடியில் நீலம் அவர்கள் முகங்களில் அசைந்தது. மூவரும் கவுண்டரை நெருங்கினார்கள். கவுண்டர் பெண் பேனாவைத் திறந்தாள்.

"யார் பேர் எழுதட்டும் மேடம்?"

படிப்பவர்களே, நவமணியின் இடத்தில் நீங்கள் நின்றால் யார் பெயரைச் சொல்வீர்கள்? மூவரில் யாருக்கு அந்தக் கப்பல் நியாயம்?

விடை: நவமணி சொன்ன பெயர் செசிலி. அல்லி கொடுத்த பணத்துக்குப் பொருள் கிடைத்தது, தள்ளுபடியும் கிடைத்தது. நவமணி பயந்த நஷ்டம் அவள்மேல் விழவே இல்லை. விழ இருந்ததையும் இன்னொருத்தி தாங்கிக்கொண்டாள். செசிலிக்குப் பணம் திரும்பி வந்தது உண்மைதான். ஆனால் அவள் விட்டுக்கொடுத்தது பணத்தை அல்ல, ஒரு பயணத்தை. குழந்தையை ஏந்தும் அந்த ஒரு நாளை. அந்த நாளை யாராலும் திருப்பித் தர முடியாது, ஒரு பயணத்தையாவது தரலாம். நவமணிக்கு வலிக்காமல் இல்லை. பெயரைச் சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பாமலே படியிறங்கினாள். அல்லி ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. செசிலி கொச்சிக்கு ரயிலேறிய அன்று மட்டும் புளிசாதப் பொட்டலத்தோடு ஸ்டேஷனுக்கு மூச்சிரைக்க வந்து, ஜன்னல் வழியாகத் திணித்தாள். "கப்பல்ல என்ன சோறு போடுவானோ... சாப்பிடு" என்றாள்.