இடது பக்கக் கண்ணாடி

வீடு வீடாகப் போய் மீன் தொட்டிகளைச் சுத்தம் செய்து கொடுப்பது பிளாரன்ஸின் தொழில். வயது முப்பத்தொன்று. அவளிடம் வேலை கற்க வந்த தணிகாசலத்துக்கு ஐம்பத்தெட்டு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவளை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை ‘அண்ணே’ என்பாள்.

பெரம்பூரில் ஒரு மாடி வீட்டுக்கு இருவரும் போனார்கள். கோமளா என்ற அம்மாள் அங்கே தனியாக இருந்தாள். கணவர் இறந்து நான்கு மாதம். அவர் வளர்த்த தொட்டியில் ஒரே ஒரு ஆஸ்கர் மீன் மிஞ்சியிருந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். தண்ணீர் டீ நிறத்துக்கு வந்திருந்தது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

“எப்படியாவது காப்பாத்துங்க. இது போயிட்டா அவர் வரமாட்டார்” என்றாள் கோமளா.

தணிகாசலம் திரும்பிப் பார்த்தார். பிளாரன்ஸ், பால்காரரைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டாள்: “எத்தனை மணிக்கு வருவார்?”

“மூணு மணிக்கு. சாப்பிட்டுட்டு நான் கண்ணசர்ற நேரம். எந்திரிச்சுப் பார்த்தா இடது பக்கக் கண்ணாடியைத் துடைச்சு வச்சிருப்பார். உயிரோட இருக்கும்போதும் அந்தப் பக்கத்துலேருந்துதான் ஆரம்பிப்பார்.”

கண்ணாடி முழுவதும் பாசி கனத்துப் படர்ந்திருந்தது. இடது பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழாக நான்கு விரல் தடங்கள். அவை கண்ணாடியின் உள்பக்கம் இருந்தன.

தணிகாசலம் தொட்டியை விட்டு ஓரடி தள்ளி நின்றார்.

“டீச்சர், மொத்தத் தண்ணியையும் கொட்டிடலாம். தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்ச்சு எடுத்துடலாம்.”

“சோப்பு பட்டா சாயந்திரத்துக்குள்ள மீன் செத்துடும்.”

அவள் டியூபைத் தொட்டிக்குள் விட்டாள். கூழாங்கற்களுக்கு நடுவே படிந்த கசடு தண்ணீரோடு உறிஞ்சப்பட்டு வாளியில் விழுந்தது. கால் பங்கு இறங்கியதும் நிறுத்தினாள். ஃபில்டரிலிருந்த ஸ்பாஞ்சை எடுத்து, அந்த வாளித் தண்ணீரிலேயே அலசினாள்.

“அழுக்குத் தண்ணியிலயா? குழாய்ல காட்டினா பளிச்சுனு ஆயிடுமே?”

“கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இதுல இருக்கு, அண்ணே. மீனோட கழிவைத் தின்னு தண்ணியைக் காப்பாத்துறது அதுங்கதான். குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும். எல்லாம் செத்துப்போயிடும்.”

முதல் நாளே பிடித்து, குளோரினை முறிக்கும் மருந்து கலந்து வைக்கச் சொல்லியிருந்த தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். முன்பக்கமும் வலது பக்கமும் பாசியைத் தேய்த்து எடுத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“இடது பக்கம் விட்டுப்போச்சே?” என்றார் தணிகாசலம்.

“அங்கே வேலைக்கு ஆள் இருக்கு.”

அவர் வாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

வாரம் ஒருமுறை போனார்கள். மூன்றாவது வாரம் மீன் மேலே வருவதை விட்டுவிட்டு நடுத் தண்ணீரில் நீந்தியது. விரல் தடங்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக இருந்தன.

நான்காவது வாரம் கொஞ்சம் முன்னதாகப் போய்விட்டார்கள். மணி மூன்று. கதவு திறந்திருந்தது, கம்பிக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. அழைப்பு மணியை அழுத்தப் போன தணிகாசலத்தின் கையைப் பிளாரன்ஸ் பிடித்து நிறுத்தினாள்.

உள்ளே தொட்டியின் முன் கோமளா நின்றிருந்தாள். கண்கள் திறந்திருந்தன, அவை எதையும் பார்க்கவில்லை. வலது கை முழங்கைவரை தண்ணீருக்குள் இருந்தது. நான்கு விரல்கள் இடது பக்கக் கண்ணாடியில் மேலிருந்து கீழே இறங்கின. பிறகு கையை மல்லாத்தி அப்படியே வைத்திருந்தாள். மீன் வந்து அந்த உள்ளங்கையில் சாய்ந்து படுத்தது.

வெகுநேரம் அப்படியே இருந்தது.

பிறகு கையை எடுத்தாள். சோபாவில் போய் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள்.

பிளாரன்ஸ் கொஞ்சம் பொறுத்து மணியை அழுத்தினாள். கோமளா திடுக்கிட்டு எழுந்து வந்து திறந்தாள். அவள் முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நகக்கண்ணில் பச்சை.

“வாங்க, வாங்க. இப்பத்தான் வந்துட்டுப் போயிருக்கார், பாருங்களேன்!”

அவள் முகம் மலர்ந்திருந்தது. டப்பாவைத் திறந்து இரண்டு உருண்டைத் தீனியைத் தண்ணீருக்கு மேல் நீட்டினாள். மீன் விருட்டென்று கல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

“என்னைக் கண்டாலே ஆகாது இதுக்கு. கல்யாணமான நாள்லேருந்து பார்க்கிறேன், அவர் வளர்க்கிற எந்த மீனும் என்கிட்ட வந்ததில்லை. அவர் கைன்னா மட்டும் வந்து படுத்துக்கும்” என்று சிரித்தாள்.

அன்று தணிகாசலத்துக்கு வேலை ஓடவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“டீச்சர், அது அந்தம்மாவோட கைதான். ரெண்டு பேரும் நம்ம கண்ணால பார்த்தோம். அவங்களுக்கே தெரியலை. சொல்லிட வேண்டாமா?”

பிளாரன்ஸ் படியில் நின்றாள்.

“அவங்ககிட்ட நான் சொல்லிடுறேன், அண்ணே. மீன்கிட்ட நீங்க சொல்றீங்களா?”