சட்டைப் பையில் போட்ட குரல்

சவரிமுத்து தன் மனைவி ஞானசௌந்தரியை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஆபரேஷன் அறையின் வாசலில்.

தள்ளுவண்டியில் படுத்திருந்தவள் கையை நீட்டி, அவருடைய சட்டைப் பையில் ஒரு பென் டிரைவைப் போட்டாள்.

"பேசி வச்சிருக்கேன். நான் வராட்டா கேளுங்க."

"வராம எங்க போவ?"

கதவு மூடிக்கொண்டது.

அவள் வரவில்லை.

ஒரு வருடம் கழித்து, அந்தப் பென் டிரைவைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மேலப்பாளையத்தில் ஹாஜிராவின் கடைக்குப் போனார். கம்ப்யூட்டரில் அழிந்துபோனதை மீட்டுத் தருவது அவள் தொழில். வயதில் அவருடைய பாதி இருப்பாள். ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் அவர் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது அவளிடம்தான். அன்றிலிருந்து அவருக்கு அவள் டீச்சர்.

"டீச்சர், திறக்க மாட்டேங்குது."

"உள்ள என்ன இருந்துச்சு அண்ணாச்சி?"

"வீட்டுக்காரி குரல்."

ஹாஜிரா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவங்க போன்ல இருக்குமே?"

"போனை அழிச்சு அண்ணன் மவளுக்குக் கொடுத்தாச்சு. இது ஒண்ணுதான்."

"என்ன பேசியிருந்தாங்க?"

"தெரியாது."

"கேக்கவே இல்லையா?"

"இல்ல."

"கேக்காமலே எப்படிக் கெட்டுச்சு?"

சவரிமுத்து மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சாயங்காலம் ஆனா சொருகுவேன். திரையில பேரு தெரியும். 'அவுகளுக்கு'ன்னு போட்டிருந்தா. அதப் பாத்ததும் நெஞ்சு படபடன்னு அடிக்கும். பிடுங்கிருவேன்."

"அப்படியேவா?"

"அப்படியே."

"முதல் நாளு நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்?"

"முறையா மூடிட்டுத்தான் எடுக்கணும்னு."

"நல்ல மாணவர்தான்."

"ஒரு நாளு கம்ப்யூட்டரே கேட்டுச்சு, கெட்டிருக்கு, சரிபண்ணவான்னு. சரின்னு அமுக்கினேன். ஓட ஆரம்பிச்சுது. எங்க தானாப் பேசிருமோன்னு…"

"பிடுங்கிட்டீங்க."

அவர் தலையசைத்தார்.

"பொஞ்சாதி குரலக் கேக்க அப்படி என்ன பயம்?"

"முப்பத்தெட்டு வருசம் கூட இருந்தா டீச்சர். ஒரு குறை சொன்னதில்ல. ஒரு வார்த்த எதுத்துப் பேசினதில்ல. அம்புட்டும் இதுக்குள்ளதான இருக்கும்?"

ஹாஜிரா பென் டிரைவை வாங்கிச் சொருகினாள்.

திரையில் ஒரு கோடு ஊர்ந்தது.

சவரிமுத்துவின் நெற்றி வேர்த்தது. கைக்குட்டையால் துடைத்தார். மறுபடி வேர்த்தது.

"இப்ப எதுக்குப் பயப்படுதீங்க அண்ணாச்சி? கிடைக்காதுன்னா, கிடைச்சிரும்னா?"

கோடு பாதியைத் தாண்டியது. அவர் கை தானாகப் பென் டிரைவை நோக்கிப் போனது.

ஹாஜிரா அதன்மேல் தன் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தாள்.

"வேண்டாம் டீச்சர். நிறுத்திருங்க."

"நிறுத்தலாம். ஆனா இந்தத் தடவ பிடுங்கினா, பயப்படக்கூட ஒண்ணும் மிஞ்சாது."

அவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

கோடு முடிந்தது. திரையில் ஒரே ஒரு கோப்பு வந்து நின்றது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள்.

"பேரு எங்க?"

"பேரு போச்சு. உள்ள இருந்தது வந்திருக்கு. அதுவும் முழுசா இல்ல. ஆரம்பம் போயிருச்சு."

"நீங்க முதல்ல கேட்டுட்டுச் சொல்லுங்க டீச்சர். கும்பிட்டுக் கேக்கேன்."

ஹாஜிரா ஹெட்போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். எழுந்து போய், தெருவைப் பார்த்தபடி கடை வாசலில் நின்றுகொண்டாள்.

அவர் சுற்றிலும் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

ஹெட்போனை மாட்டினார். விரல் இடம் தவறியது. மறுபடி அமுக்கினார்.

மின்விசிறியின் கடகடப்பு. அதற்குள்ளிருந்து அவள்.

"…அம்புட்டுதாங்க. சொல்லிட்டேன். இத்தன வருசமாச் சொமந்தத இன்னைக்கு இறக்கி வச்சிட்டேன். இனிமே அந்தப் பேச்சு வேண்டாம். மோட்டாரப் போட்டா மறந்திராதீங்க, தொட்டி நிறைஞ்சு வழியுது…"

சவரிமுத்து ஹெட்போனைக் கழற்றினார்.

"டீச்சர்! இதுக்கு முன்னால என்ன சொன்னா?"

ஹாஜிரா திரும்பாமலே சொன்னாள்.

"அது இதுல இல்ல அண்ணாச்சி."

"பின்ன எதுல இருக்கும்? யார்ட்டப் போய்க் கேப்பேன்?"

ஹாஜிரா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"முப்பத்தெட்டு வருசம் கூட இருந்தது நீங்கதான அண்ணாச்சி?"

அவர் கண்களைத் தாழ்த்தினார்.

மேசைமேல் கிடந்த ஹெட்போனுக்குள் ஞானசௌந்தரி சின்னதாகப் பேசிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒன்பது நிமிடம் பாக்கி இருந்தது.