பிளக்குக்குப் பொட்டு வெச்ச அருணகிரி

ஒரு ஊர்ல ஒரு காரு இருந்துச்சாம். காருக்கு ஒரு சொந்தக்காரனும் இருந்தான், பேரு அருணகிரி. பழைய காருதான், ஆனா அதை அவன் தொடைக்கிற தொடைப்பு இருக்கே, பெத்த புள்ளையைக்கூட அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டான். ம் கொட்டு கண்ணு, அப்பத்தான் அத்தைக்குக் கதை வரும்.

"ம்."

அப்புறம், அந்தக் காரு கொஞ்ச நாளா டுப்பு டுப்புனு இருமிக்கிட்டே இருந்துச்சு. பிளக் தேஞ்சு போச்சு. பிளக்குன்னா என்னன்னு கேப்பே, நானே சொல்லிடறேன். இன்ஜினுக்குள்ள தீப்பொறி குடுக்கற சாமான், விரல் நீளம் இருக்கும். அதோட நுனியில ஒரு சின்ன சந்து இருக்கும், அந்தச் சந்துலதான் பொறி தாவும். பொறி தாவுனாத்தான் வண்டி ஓடும்.

அப்போ ஆயுத பூசை வந்துச்சு. "மெக்கானிக் எதுக்கு? நானே மாத்துவேன்"னு அருணகிரி போன்ல வீடியோவைப் பாத்துட்டு, சாமான் கடையில போய் மூணு பிளக் வாங்கிட்டு வந்தான். கடையில எடுத்துக் குடுத்தது மரகதம்னு ஒரு பொண்ணு. வேலைக்குச் சேந்து கொஞ்ச நாள்தான். அந்தக் கடையில முன்னாடி நின்னு வியாபாரம் பண்ண வந்த மொத பொம்பளைப் புள்ளை அவதான்.

வீட்டுக்கு வந்தான். பானெட்டுக்குச் சந்தனம், குங்குமம். டயருக்குச் சந்தனம், குங்குமம். ஸ்பேனருக்கும் வெச்சான். புதுப் பிளக்கை மட்டும் விடுவானா? மூணுக்கும் நுனியில, அந்தச் சந்துலயே, அப்புனான் பாரு சந்தனத்தை. அப்புறம் கிர்க்கு கிர்க்குனு திருகி உள்ள மாட்டிட்டான். ஏன் சிரிக்கறே?

"சந்து அடைச்சுக்குமே அத்தை."

உனக்குத் தெரியுது, அவனுக்குத் தெரியலயே. டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சாச்சு. மாமனார் வீட்டு ஆளுங்க எல்லாம் சுத்தி நிக்கறாங்க. சாவியைத் திருப்பினான். கிர்ர்ர்... ம்ஹூம். மறுபடி, கிர்ர்ர்... ம்ஹூம். இன்னொருக்கா, கிர்... அவ்வளவுதான். எலுமிச்சம்பழம் நசுங்காம அப்படியே கெடக்குது. அருணகிரிக்கு மூஞ்சியெல்லாம் வெக்கம். அந்த வெக்கத்தைத் தாங்கமாட்டாம விடுவிடுன்னு கடைக்கு நடந்தான்.

கடையில பூசைப் பொரி குடுக்கறாங்க, ஊரே நிக்குது. "போலிச் சரக்கை என் தலையில கட்டிட்டியே"ன்னு மரகதத்தைப் பாத்துக் கத்தினான். "அண்ணா, பிரிக்காத டப்பாவைத்தான் குடுத்தேன்"னா அவ. "எதுத்து வேற பேசறியா?"ன்னான். முதலாளி பயந்துபோய் வேற மூணு பிளக்கைக் கையில குடுத்தார். அவளை, "நீ இனிமே முன்னாடி நிக்காத, உள்ள போய் டப்பா அடுக்கு"ன்னுட்டார். பாவம், பொரித்தட்டைக் கீழ வெச்சுட்டு உள்ள போயிட்டா.

"ம்..."

அப்புறம் இவன் வீட்டுல வந்து மொதல் பிளக்கைக் கழட்டினான். நுனியில என்ன? சந்தனம். ரெண்டாவது, சந்தனம். மூணாவதுக்கும் அதே கதை. யாரும் பாக்கலயேன்னு மூணையும் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, புதுசை மாட்டினான். புர்ர்ர்னு வண்டி கெளம்பிருச்சு. மச்சினன் வந்து, "பாத்தீங்களா மாமா, அவ குடுத்தது போலிதான்"னான். அருணகிரி என்ன பண்ணுனான் தெரியுமா? ஆமான்னு தலையாட்டுனான். கத்துனதுகூடப் பரவால்ல, அந்தத் தலையாட்டல்தான் எனக்கு ஆத்தாமை.

அன்னிலேருந்து அவனுக்குச் சோறு எறங்கல. போய்ச் சொல்லிரலாம்னு கெளம்பினான். கடையில கூட்டம். "என்ன வேணும்?"னாங்க. கார் தொடைக்கற துணி ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டான்.

அப்புறம் இன்னொரு நாள் போனான். முதலாளி மட்டும் இருந்தார். இவனைப் பாத்ததும் நாற்காலி போட்டு, டீ சொல்லி, "நல்லவேளை நீங்க சொன்னீங்க, இல்லேன்னா என் கடை பேரே கெட்டிருக்கும்"னார். உள்ளேருந்து டப்பா அடுக்கற சத்தம், டொக்கு டொக்குனு. அந்த டீயைக் குடிச்சான் பாரு, எப்படித்தான் உள்ள போச்சோ. குடிச்சுட்டு ஒரு பல்பு வாங்கிட்டு வந்துட்டான். திட்டு வாங்கியிருந்தாக்கூட அவ்வளவு கூசியிருக்காது.

மூணாந்தடவை போனான். சாமான் வாங்க வந்தவங்க ரெண்டு பேர் நின்னாங்க. இவன் பையிலேருந்து மூணு பிளக்கையும் எடுத்து மேசையில வெச்சான். சந்தனம் காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு. "அந்தப் பொண்ணு குடுத்தது நல்ல சரக்கு. சந்தனத்தை அடைச்சது நான். தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன்"னான். ஒருத்தர் கெக்கெக்கேன்னு சிரிச்சார். முதலாளி தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, "முன்னாடி வந்து நில்லும்மா"ன்னார்.

மரகதம் வந்தா. அவளைப் பாக்க முடியாம, "தப்புத்தாம்மா"ன்னு சொல்லிட்டு அருணகிரி திரும்பினான்.

"எங்க போறீங்க?"ன்னா அவ. "அன்னிக்குக் கடை நெறைய ஆளு. இன்னிக்கு ரெண்டு பேர்கிட்டச் சொல்லிட்டுப் போனா எப்படி?" ஒரு ஸ்டூலை எடுத்து வாசல்ல போட்டா. "உக்காருங்கண்ணா. அன்னிக்குக் கேட்டவங்க வர வர நீங்களே சொல்லுங்க."

உக்காந்தான். டீக்கடைக்காரர் வந்தார், எந்திரிச்சுச் சொன்னான். லாரி டிரைவர் வந்தார், அவருக்கும் சொன்னான். சொல்லச் சொல்லக் கூச்சம் கொறையும்னு நெனச்சான், கொறையவே இல்ல. ஒவ்வொரு தடவையும் காது சுட்டுச்சு.

"அந்த அக்கா மன்னிச்சுட்டாங்களா அத்தை?"

அது அவளுக்குத்தான் தெரியும். பொழுது சாயறப்போ ஸ்டூலை உள்ள எடுத்து வெச்சுக்கிட்டே, "நாளைக்கும் வாங்கண்ணா, இன்னும் நெறையப் பேர் பாக்கி"ன்னா.

"போனாரா?"

போனான். கதையும் போயாச்சு, காரும் நின்னாச்சு. நீ கண்ணை மூடு.