தன்னோடு பேசிய போர்ட்

பால் பண்ணையின் குளிரூட்டும் கன்ட்ரோலர் காலையிலிருந்து, அதை இயக்கும் திரையோடு பேசவில்லை. கம்ப்ரெஸர் நின்றுபோய், தொட்டியில் எட்டாயிரம் லிட்டர் பால் சூடேறிக்கொண்டிருந்தது.

"கேபிள் நேத்து நானே பழசைக் கழட்டிட்டு மாட்டின புதுசு. அதனால கன்ட்ரோலர்ல கேபிள் செருகுற போர்ட்தான் செத்துப்போச்சு. பாலைக் கொட்டிடுங்க" என்றார் சர்வீசுக்கு வந்த இன்ஜினியர் வரதராஜன். பண்ணை மேனேஜர் தொட்டியின் வெப்பமானியைப் பார்த்தார்.

ஒயரிங் வேலை பார்க்கும் மருதாயி மெல்லக் கேட்டாள்: "சார், அதைத் தன்னோடயே பேச வச்சுப் பாக்கலாமா?"

"போர்ட்டைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது சார். செத்தது பேசாதுன்னு மட்டும் தெரியும்."

தப்பானால் வேலை போய்விடும். கேபிளைக் கழற்றி, போர்ட்டில் செய்தி அனுப்பும் முள்ளையும் வாங்கும் முள்ளையும் துண்டுக் கம்பியால் இணைத்தாள். மேனேஜர் கன்ட்ரோலரின் பொத்தானை அழுத்திச் சோதனைச் செய்தி அனுப்பினார். அது அப்படியே திரும்பி வந்தது. பிறகு கேபிளை மாட்டி, அதன் மறுமுனையில் அதேபோல் இணைத்தாள். மறுபடி அனுப்பிய செய்தி திரும்பவில்லை.

"போர்ட் உசுரோட இருக்கு சார். கேபிள்தான் போயிடுச்சு."

பழைய கேபிளை மாட்டியதும் திரை விழித்தது, கம்ப்ரெஸர் உறுமியது. மேனேஜர் சர்வீஸ் தாளை நீட்டினார். பழுதுக்கான காரணம் எழுதும் இடத்தில் இன்ஜினியரின் பேனா நகரவே இல்லை.

"எழுத்து வரலேன்னா நான் சொல்றேன் சார்" என்றாள் மருதாயி.