தூவல்மலையில் வாக்கு எண்ணிய நாள்

சிமென்ட் ஆலை அதிபர் செங்கோடனை எல்லோரும் ‘சேர்மன்’ என்பார்கள். தூவல்மலை அடிவாரத்தில் சிறு மடம் வைத்திருந்த ஞானாம்பிகை அம்மாள் மட்டும் ‘நீ’ என்பார். வயதில் அம்மாள் செங்கோடனைவிட இளையவர்தான். அந்த ஒரு ‘நீ’யைக் கேட்கவே செங்கோடன் பல வருடங்களாக அங்கே வந்து, தரையில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

தூவல்மலையில் சுண்ணாம்புக்கல் வெட்ட அரசு அவருக்குக் குத்தகை கொடுத்திருந்தது. வேலை இன்னும் தொடங்கவில்லை. இது அம்மாளுக்கும் தெரியும். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

வாக்கு எண்ணும் நாளன்று காலையிலேயே செங்கோடன் மடத்துக்கு வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது.

“பரஞ்சோதி தோத்துருவார் போலிருக்குங்கம்மா.”

பரஞ்சோதி ஆளுங்கட்சித் தலைவர். அந்தக் கட்சியின் மாநாட்டுப் பந்தல்கள் எல்லாமே செங்கோடன் போட்டுக் கொடுத்தவை.

“தோத்தா என்ன?”

“அறவாழி வந்துருவார். ஆட்சிக்கு வந்தா மொதக் கையெழுத்தே என் ஆலையைப் பூட்டறதுக்குத்தான்னு ஊரூராப் பேசினவர். இந்த மலையைக் காப்பாத்தறேன்னு கீழ ஊர்ச் சனங்களோட உண்ணாவிரதம் வேற இருந்தார். இனி நான் யாரை நம்பறதுங்கம்மா?”

அம்மாள் எழுந்தார்.

“வா. மேல போலாம்.”

“மலைக்குங்களா?”

“குத்தகை உன் பேர்லதானே? ஒரு தடவை ஏறிப் பாத்திருக்கியா?”

“ட்ரோன் விட்டுப் படம் எடுத்திருக்கோம்.”

அதற்குள் அம்மாள் நடக்கத் தொடங்கியிருந்தார்.

பாதை செங்குத்தாக இருந்தது. பாதி வழியிலேயே செங்கோடனுக்கு மூச்சு முட்டியது. பாறை இடுக்கில் நீர் கசிந்துகொண்டிருந்தது. அம்மாள் கையில் ஏந்திக் கொடுத்தார். பல் கூசியது. இந்தக் கோடை வெயிலில் இவ்வளவு குளிர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை. இன்னொரு கை வாங்கிக் குடித்தார்.

உச்சியில் ஒரே பாறையாக விரிந்து கிடந்தது. விளிம்புக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவர் காலுக்குக் கீழே ஒரு பருந்து வட்டமிட்டது. பருந்தின் முதுகை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. அதற்கும் கீழே, மலையிலிருந்து இறங்கிய ஓடைகள் ஏரி ஏரியாகத் தேங்கி மின்னின. ஏரியைச் சுற்றி வயல், வயலைச் சுற்றி ஊர், அதைத் தாண்டி இன்னொரு ஏரி. கண் போகிற தூரம்வரை அப்படியே போனது. தன் ஆலை எங்கே என்று தேடினார். புகையை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

“இவ்வளவும்...” என்று தொடங்கினார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு அடிக்க விட்டார்.

“யாரு?”

“பரஞ்சோதி.”

“உனக்கு வேண்டியவராச்சே?”

“நேத்து வரைக்கும் அண்ணன்.”

சத்தம் நின்றது. சற்று நேரத்தில் மறுபடி அடித்தது. இந்த முறை சட்டென்று எடுத்தார். எதிரே யாரும் இல்லை. ஆனாலும் இடுப்பு வளைந்தது. ‘சரிங்க, சரிங்க’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

“அறவாழி அண்ணனே பேசினாருங்கம்மா. ஜெயிச்சாச்சாம். நாளைக்கு வந்து பாக்கச் சொல்றார்.”

“அண்ணனா?”

செங்கோடன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“ஆலையைப் பூட்ட மாட்டாராம். மலையும் எனக்கேதானாம். சனங்க கிட்ட அவரே பேசிக்கறாராம்.”

அப்போது அடிவாரத்து ஊரிலிருந்து வெடிச் சத்தம் மேலே வந்தது. பின்னாலேயே தப்புச் சத்தம். மலை பிழைத்துவிட்டது என்று ஆடுகிறார்கள். செங்கோடனுக்கு அது புரிய ஒரு கணம் ஆனது. நினைத்தது நடந்துவிட்டது, ஆனால் சந்தோஷம் எங்கேயும் இல்லை. கீழே பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

காற்று பலமாக வீசியது. அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஏரிகளையே பார்த்திருந்தார்.

“அம்மா, ஒரு வார்த்தை சொல்லுங்க. தோத்தவர் பக்கமே நிக்கறதா, ஜெயிச்சவர் பக்கம் போறதா? நான் எங்க நிக்கணும்?”

அம்மாள் திரும்பாமலேயே சொன்னார்.

“மொதல்ல, நீ நிக்கிற எடம் நிக்கட்டும்.”