உருகப் பயந்த வளையல்

கடலோரத்து உப்பளம் ஒன்றில், சேசம்மாள் என்பவளின் இடக்கையில் ஒரு தங்க வளையல் குடியிருந்தது. அவளுக்குக் கைமுதல் என்று இருந்தது அது ஒன்றுதான். வெயிலில் பாத்திகள் பாலாய் மினுங்கும் நேரத்தில் வளையல் கண்ணயர்ந்து கனாக் காணும்: தான் உருகி, கடல்தண்ணீரை இறைத்து ஊற்றும் ஏதோ ஒன்றாக எழுந்து நிற்பதாக.

என்னவாக என்பதில்தான் வழக்கு.

"எனக்குத் தம்பியாக வந்து பிற. சல்லிசு," என்றது பாத்திக்கரையில் இருமிக்கொண்டிருந்த சேசம்மாளின் டீசல் எஞ்சின்.

உப்பளக்காரர் சங்கத்துக் கொட்டகையில் சாய்ந்திருந்த, வெயிலிலேயே மோட்டாரை ஓட்டும் சோலார் தகடு அதிகம் பேசாது. தன் விலையில் பாதியைச் சங்கம் போடும் என்று மட்டும் சொல்லிற்று. வளையலுக்கு ஆசை வந்தது. எஞ்சின் சிரித்தது. மேலப்பாத்திக்காரர் பாதி விலையில் தகடு வாங்கியும் பழைய எஞ்சினை விடவில்லை, இரண்டையும் ஓட்டிப் பாத்தியைப் பெருக்கிக்கொண்டார் என்றது.

"புகை விட எங்களுக்கு என்ன செலவு? காற்று சும்மாதானே கொண்டுபோகிறது."

காற்று கொண்டுபோனது பக்கத்துப் பாத்திக்கு. அது இசக்கியம்மாளுடையது. கரி விழுந்த உப்பை வியாபாரி தொடவில்லை. அவள் ஒரு பிடி அள்ளிக்கொண்டு சங்கத்துக்குப் போனாள். ஒருநாள் புகைக்கு ஒரு கூடை வெள்ளை உப்பு, எஞ்சின்காரர் கரி விழுந்த பாத்திக்குக் கொடுக்க வேண்டும் என்று சங்கத்தார் கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள்.

அன்றுதான் எஞ்சின் முதன்முதலாக இருமலை விழுங்கப் பார்த்தது. மேலப்பாத்தி எஞ்சினுக்குப் பாதிநாள் ஓய்வு கிடைத்தது. சேசம்மாளின் கையில் வளையல் கொஞ்சம் நெகிழ்ந்தது.

அடுத்த வாரம் எஞ்சின்காரர்கள் முணுமுணுக்க, கூடை அரைக்கூடையானது. பிறகு அதுவும் அழிந்தது. தகட்டுக்குச் சங்கம் போடும் பாதி காலாகி, மறுபடி பாதியானது. வளையல் மறுபடி கையை இறுகப் பிடித்துக்கொண்டது.

"நாளைக்கும் இதையே சொல்வாயா?" என்று வளையல் பலகையைக் கேட்டது.

"என்னை ஏன் கேட்கிறாய்? எழுதுகிற கையைக் கேள்."

"நீ தினமும் அழியலாம். நான் ஒரு தடவைதான் உருக முடியும்," என்றது வளையல்.

தகடு வாங்கலாம் என்று சேசம்மாள் வளையலைச் சோப்புப் போட்டு இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

"ஏளா சேசு, கழலலையா, கழட்ட மனசு வரலையா?" என்றாள் இசக்கியம்மாள்.

"சாக்பீஸ் எழுத்த நம்பி இத உருக்கச் சொல்லுதியா? நாளைக்கு அழிச்சிட்டாம்னா கையும் மொட்ட, பாத்தியும் மொட்ட."

இசக்கியம்மாள் நேரே சங்கத்து வாசலில் போய் உட்கார்ந்தாள். நான்காம் நாள்தான் எழுந்தாள். எழுந்தபோது கல்தச்சர் ஒருவரும் அவளோடு வந்தார். உப்பளத்து எல்லைக்கல்லில் உளி பேசியது: ஒருநாள் புகைக்கு ஒரு கூடை, பத்துக் கோடைக்கு; கோடைதோறும் ஒரு பிடி கூடும்; தகட்டுக்குப் பாதி விலை, அந்தப் பத்துக் கோடையும்.

அழித்துப் பழகிய ஈரக்கை ஒன்று வந்து எழுத்தின் மேல் தடவிப் பார்த்துவிட்டுப் போனது.

மறுநாள் காலையில் சேசம்மாள் வாய்க்காலில் கை அலம்பினாள். சோப்பில்லாமலே வளையல் கழன்று வந்தது.