காற்றாலையின் மூக்கை அறுத்தவள்

குளச்சல் கடற்கரையில் மெற்றில்டா என்பவள் பைபர் படகு கட்டும் கொட்டகை ஒன்றை நடத்திவந்தாள். அவளுடைய அண்ணன் ததேயுதான் அங்கே தலைமை வேலைக்காரர். கண்ணாடி இழைப் பாயை அச்சுக்குள் விரித்து, ரெசின் பசையைப் பூசி, உருளையால் தேய்த்து ஒட்டுவதில் அந்தக் கரையில் அவருக்கு நிகராக இன்னொருவரைச் சொல்ல மாட்டார்கள். அவளுடைய கணவன் ஜெபசிங் லாரி ஓட்டுகிறவன்.

ஒருநாள் ஜெபசிங் ஆரல்வாய்மொழியில் காற்றாலைச் சாமான்களை இறக்கிவிட்டு வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குள் நுழைந்தான். காற்றாலையின் இறக்கைகள் வந்து சேரும் இடத்தில் பெரிய கூம்பு மூடி ஒன்று இருக்கும். அங்குள்ளவர்கள் அதை மூக்கு என்பார்கள். வடக்கே எங்கிருந்தோ வருகிற அந்த மூடிகளில் பல வழியிலேயே கீறிவிடுகின்றன. இந்தப் பக்கத்திலேயே செய்து தர ஆள் கிடைக்குமா என்று கம்பெனி தேடுகிறதாம்.

"அது எதுல செய்றது?" என்று கேட்டாள் மெற்றில்டா.

"பைபருதான். நம்ம போட்டுக்குப் போடுற அதே பாயி, அதே ரெசினு."

மெற்றில்டா அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். திருநெல்வேலி பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியே அவள் பார்த்த காற்றாலைகள் எத்தனை. காற்று மட்டும்தான் இந்த ஊருடையது, மற்றதெல்லாம் எங்கிருந்தோ வந்தது என்று நினைத்திருந்தாள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு வேலை குறைந்தால், கொட்டகைப் பையன்கள் வேலை தேடிக் கேரளத்துக்குப் போய்விடுவார்கள். இந்த ஆர்டர் கிடைத்தால் ஒருவரும் போக வேண்டாம்.

அந்த வாரமே கம்பெனியின் கொள்முதல் அதிகாரி இசக்கிராஜ் கொட்டகைக்கு வந்தார். மாதிரிக்கு ஒரு பழைய மூடியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"உங்களைப் போல இன்னும் ரெண்டு இடத்துல கேட்டிருக்கேன். அடுத்த சனிக்கிழமை வந்து பார்க்கறேன். முதல் மாதிரியை எல்லாரும் அழகாத்தான் செஞ்சு காட்டுறாங்க. பத்தாவது மூடியிலதான் சாயம் வெளுக்குது."

கொட்டகை திருவிழாக் கோலம் பூண்டது. பழைய மூடியின் மேல் அச்சு எடுத்தார்கள். தெருக்காரர்கள் வேலை முடிந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். ததேயு சாப்பாட்டையே மறந்து பாய் மேல் பாயாக ஒட்டினார். வியாழக்கிழமை மூடி அச்சிலிருந்து கழன்று வந்தபோது, சங்கின் உட்புறம்போல மின்னியது. பையன்கள் கைதட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் மெற்றில்டா ஒரு ரூபாய் நாணயத்தால் மூடியைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தாள். எங்கும் கணீரென்ற சத்தம். விளிம்பு மடங்கும் மூலையில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டது. உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது.

ததேயு பதறவில்லை. "அந்த எடத்த மட்டும் தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி ஒட்டிருவேன். போட்டுல செய்யாததா? சார்கிட்டயும் மறைக்காம சொல்லிருவோம்" என்றார்.

ஜெபசிங் ஒப்பவில்லை. "ஒட்டுப்போட்ட சாமான எப்பிடி மச்சான் மாதிரின்னு குடுக்கது? ஒரு வாரம் தவணை கேப்போம். புதுசா ஒண்ணு செய்யுங்க. உங்க கைக்கு ரெண்டாவது தடவ தப்பாது."

இரண்டு பேரும் பேசிக்கொண்டே டீ குடிக்கப் போனார்கள். மெற்றில்டா மட்டும் அந்த மூலையில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அறுப்பு மெஷினை எடுத்தாள். மந்தமாகக் கேட்ட இடத்திலிருந்து உச்சி வழியாக எதிர் விளிம்புவரை, மூடியை இரண்டாக அறுத்துவிட்டாள்.

திரும்பி வந்த ததேயு வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னட்டி செஞ்சு வச்சிருக்க? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"இங்க வந்து பாருங்கண்ணே."

அறுபட்ட ஓரத்தில், மந்தமாகக் கேட்ட மூலைக்குள் மயிரிழைபோல ஓர் இடைவெளி தெரிந்தது. எதிர் விளிம்பில், சத்தம் கணீரென்று கேட்ட மூலையிலும் அதே இடைவெளி, இன்னும் மெல்லியதாக இருந்தது. கெட்டியான பாய் அந்தக் குறுகிய மடிப்புக்குள் அமராமல் எழும்பி நின்றிருந்தது.

ததேயு குனிந்து பார்த்தார். பிறகு வெளியே போய்விட்டார்.

மறுநாள் இசக்கிராஜ் வந்தபோது, முழு மூடி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பாதிகள் கிடந்தன. அவர் மூவரையும் பார்த்தார். மூவரும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்கள். அவரவர் யோசனையையும் சொன்னார்கள்.

குறையைச் சரிசெய்து கொடுக்கலாம் என்றார் அண்ணன். தவணை வாங்கிப் புதிதாகச் செய்யலாம் என்றான் கணவன். கையில் இருந்த ஒரே மூடியையும் அறுத்துப்போட்டாள் மெற்றில்டா. மூவரிடமும் பொய் இல்லை. கதை கேட்டவர்களே, இசக்கிராஜ் இடத்தில் நீங்கள் இருந்தால், இதில் யார் செய்தது சரி என்பீர்கள்?

விடை: மெற்றில்டா செய்ததே சரி. ததேயு ஒட்டியிருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்த ஓர் இடம்தான் சரியாகியிருக்கும். சத்தம் காட்டாத இடத்துக் குறை அப்படியே காற்றாலையின் மேலே ஏறியிருக்கும். ஜெபசிங் சொன்னபடி புதிதாகச் செய்தாலும், அதே மடிப்பில் அதே பாய் மறுபடி எழும்பியிருக்கும். கம்பெனிக்கு வேண்டியது ஒரு நல்ல மூடி அல்ல, எல்லாம் ஒன்றுபோல நல்லதாக வரும் வழி. அந்த வழியை மறித்து நின்ற குறை, மூடியை அறுத்த பிறகுதான் கண்ணில் பட்டது. ஆனால் அண்ணனின் உழைப்பை அவரிடம் கேட்காமல் அறுத்தது சரியில்லை. அதை அவளே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லி அழுதாள். மூலையில் முதலில் ரெசினில் குழைத்த மாவை நிரப்பி, பாயைக் கீற்றுக் கீற்றாக வெட்டிப் போடலாம் என்று வழி கண்டுபிடித்தவர் ததேயுதான். ஆர்டர் அவர்களுக்கே கிடைத்தது. ஆரல்வாய்மொழியில் கிரேன் முதல் மூடியைத் தூக்கியபோது மூவரும் கீழே அண்ணாந்து நின்றார்கள். "கழுத்து வலிக்குதுட்டி" என்றார் ததேயு தங்கையிடம். ஆனாலும் தலையைத் தாழ்த்தவில்லை.